பேண்டேஜ் வாங்காத வீரன்

இந்த வயதில் நம்மைப் போன்றவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சர்க்கரையில் தொடங்கிப் பாதத்தில் முடிகிறது. போன வாரம் ஒரு கல்யாணத்திலும் அப்படித்தான். கூடப் படித்த நாம் ஐந்தாறு பேர் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யார் என்ன செருப்பு போடுகிறோம், யாருக்குக் கால் மரத்துப்போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி, ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்த கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் மூஞ்சியை இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் அடுத்த பந்திக்கு ஆள் வந்து நின்றுவிட்டார்கள், எழுந்துவிட்டோம்.

சொல்ல வந்தது இதுதான். பாதம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, கம்ப்யூட்டருக்குள் நாங்கள் உண்டாக்கிய ஒரு போர்வீரன். அவனையும் என் அப்பாவின் வலது காலையும் தனித்தனியாக நினைக்க எனக்கு வருவதில்லை.

எங்கள் வீடு ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டுப் பக்கம். முன்பாதி வீடு, பின்பாதி தறிக்கூடம். பவர்லூம் ஓடும்போது பாத்திர அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் நெய்தது ஒன்றே ஒன்று, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. தறியிலிருந்து இறங்கும்போது அது நீங்கள் நினைக்கிற மாதிரி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் மொறமொறப்போடு, பஞ்சுத் தூசியும் கொஞ்சம் மிஷின் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு இருக்கும். வியாபாரி வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார். அதை வெளுப்பது, சுத்தம் செய்வது, சுருட்டிக் காகிதத்தில் பொதிவது எல்லாம் வேறு எங்கேயோ வேறு யாரோ செய்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

எங்களுக்கு அது வீட்டில் கிடக்கும் துணி. காப்பி வடிகட்ட, புளி வடிகட்ட, மோர்ச்சட்டியை மூட, அடுப்படி துடைக்க, தலைக்குக் குளித்தால் கூந்தலைச் சுற்றிக்கொள்ள எல்லாவற்றுக்கும் அதுதான். காயம் பட்டால் தறியிலிருந்தே ஒரு முழம் கிழித்துக் கட்டுவதும் உண்டு, ஆனால் அது கடைசி உபயோகம். இதை வெளியூரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியுமே தவிர, நம்பிக்கை கிடையாது.

அப்பாவைப் பற்றித் தெருவில் கேட்டால் முதலில் பலத்தைத்தான் சொல்வார்கள். பாவு சுற்றிய இரும்பு உருளையை இரண்டு ஆள் சேர்ந்து தூக்குவதுதான் வழக்கம். அப்பா ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்த் தறியில் மாட்டுவார். காய்ச்சல் என்று படுத்ததில்லை. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு இலவச முகாமில் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து காப்பிக்குச் சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி போடச் சொன்னார். நோய்க்கு அவர் செய்துகொண்ட வைத்தியம் அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நான் எட்டாம் வகுப்புப் போன அந்த வருஷம், தறிச் சத்தத்தில் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெரியப்பா அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். வீட்டின் முன்கூடத்தில் காலை முதல் பொழுது சாயும்வரை இருபது விரல் நாற்பது விரல் என்று தட்டிக்கொண்டே இருக்கும். சத்தத்திலிருந்து தப்பிக்க அனுப்பப்பட்டவள், அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் சொந்த வீட்டில் இருப்பதுபோல் தூங்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெரியப்பா கடைசி அறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தூசி ஆகாது, ஈரம் ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டதால் அந்த அறைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். யாராக இருந்தாலும் பின்வாசல் குழாயில் காலைக் கழுவி, சாக்கில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கோயிலுக்குக்கூடக் கால் கழுவாமல் போய்விடலாம், அந்த அறைக்குள் போக முடியாது. திரைக்குத் தூசி படாமல் பெரியம்மா ஒரு உறை தைத்துப் போட்டிருந்தாள். அதுவும் எங்கள் வீட்டுத் துணிதான்.

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். மதுரையில் படிக்கும் சிநேகிதனிடமிருந்து அவன் ஒரு பிளாப்பி கொண்டுவந்தான். அகலமாக, கறுப்பாக, வளைத்தால் வளையும் பழைய பிளாப்பி. அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெரியப்பா கண்ணயரும் நேரம் எங்களுடையது.

இப்போதைய பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் சிரிப்பார்கள். படம் என்று ஒன்றும் கிடையாது. கோடு போட்டிருந்தால் சுவர், புள்ளி வைத்திருந்தால் தரை. ஆங்கில எழுத்துகள்தான் எலி, ஓநாய், பூதம். ஒரு பாழடைந்த சுரங்கத்துக்குள் வீரனை அனுப்பி, தளம் தளமாக இறங்கி, அடியில் இருக்கும் கிரீடத்தை எடுத்துவர வேண்டும். நடுவில் செத்தால் செத்ததுதான். அவனைப் பிளாப்பியிலிருந்தே அழித்துவிட்டு, பழையபடி முதலிலிருந்து வா என்று சொல்லிவிடும்.

வீரனை நாம்தான் செய்ய வேண்டும். பலம், வேகம், தாங்குகிற உடம்பு, புத்தி, முகராசி என்று ஐந்து இருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் தாயம் உருட்டுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் விழும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி உருட்டலாம். பலத்தைக் கூட்ட வேண்டுமானால் வேறொன்றில் இரண்டு குறைத்து இதில் ஒன்று ஏற்றிக்கொள்ளலாம். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"அடிக்கப் போறவனுக்குப் புத்தி எதுக்கு? முகராசி எதுக்கு, அவன் என்ன பொண்ணா பாக்கப் போறான்? எல்லாத்தையும் எடுத்துப் பலத்துல போடு."

போட்டோம். முதல் வீரன் ஓங்கி வீசினான், ஒன்றும் படவில்லை. வேகம் இல்லாதவன் கை எங்கே படும். முதல் தளத்து எலிகளே அவனை முடித்துவிட்டன. அடுத்தவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை இரும்புக் கவசம் வாங்கிப் போட்டோம். பாரத்தில் அவனால் நகர முடியவில்லை, சுற்றி நின்று தின்றுவிட்டன. கேடயத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய வாள் வாங்கிய ஒருவனும் இருந்தான். அவனும் போனான். ஆடி போய், ஆவணியும் போனது. மெதுவாக எங்களுக்குப் பிடிபட்டது, அடிக்கிற பலத்தைவிட தாங்குகிற உடம்பு முக்கியம், இரண்டுக்கும் நடுவே வேகத்துக்கும் கொஞ்சம் விட வேண்டும், கனத்த கவசத்தைவிடத் தோல் கவசமும் ஒரு கேடயமும் உத்தமம் என்று. நான் பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா நடக்கும்போது மனசுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படிச் செய்த வீரர்களும் இரண்டாம் தளத்தில் செத்தார்கள். அதுதான் புரியவில்லை. சண்டையில் ஜெயிப்பான், எதிரில் ஒன்றுமே இருக்காது, சும்மா நடந்து போய்க்கொண்டிருக்கும்போது விழுந்து சாவான். ரத்தம் வடிகிறது என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்துகொண்டே இருக்கும், நாங்கள் பொருட்படுத்தவில்லை. போர்வீரன் என்றால் ரத்தம் வடியத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம்.

புறப்படுமுன் சாமான் வாங்க ஒரு கடை உண்டு. வாள், வேல், கேடயம், தீப்பந்தம், சாப்பாடு என்று பட்டியல் ஓடும், கடைசியில் பேண்டேஜ் என்று இருக்கும். முதல் நாளே அண்ணன் அதைக் காட்டிச் சிரித்தான்.

"ஏட்டி, இங்க பாரு, ஒங்க வீட்டுச் சரக்கு. இதைப் போயி எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா? ஒங்க வீட்ல அடுப்படி தொடைக்கதே இதுலதான்."

நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைசி வரியை நாங்கள் படிக்கவே இல்லை.

புரட்டாசி பிறந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அப்பா முதல் பஸ்ஸில் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டித் திருவண்ணாமலை என்றே பேருள்ள குன்றில் இருக்கும் பெருமாளை மலையேறிக் கும்பிட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரியம்மா வீட்டுக்கு வருவார். செருப்பில்லாமல் ஏறுவது அவர் வழக்கம். முதல் சனிக்கிழமை வந்தபோது வலது காலில் எங்கள் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார்.

"கால்ல என்ன தம்பி கட்டு?" என்று பெரியம்மா கேட்டாள்.

"நாடா தெறிச்சு விழுந்துருச்சு மதினி. லேசாத் தோலு போச்சு, வேற ஒண்ணுமில்ல."

நாடா என்பது தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். சில நேரம் தறியை விட்டு எகிறி வெளியே பாயும். கண் போனவர்கள் உண்டு.

"இதோடயா மலையேறுனீய? வலிக்கலையா?"

"ஒரு வலியும் தெரியல மதினி. கட்டு போட்டதே எனக்கு மறந்து போச்சு."

"அது ஒழைச்ச ஒடம்பு," என்றார் பெரியப்பா. "நமக்கெல்லாம் முள்ளு குத்துனா நாலு நாளு படுக்கை. சகலைக்கு இரும்பு காலு."

அப்பா அடக்கமாகச் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது. இன்றைக்கு அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். வலிக்கவில்லை என்று ஒரு மனிதர் சொல்கிறார், சுற்றி உட்கார்ந்து அத்தனை பேரும் மெச்சுகிறோம்.

அன்று மத்தியானம் உருட்டியபோது அப்படி ஒரு எண் விழுந்தது. பலமும் உடம்பும் இரண்டுமே உச்சம். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொட்டுறாத. ஏற்கெனவே நல்லா விழுந்த ஒருத்தனை நீதான் மறுபடி தட்டி அழிச்ச. ஒனக்குத் தெரிஞ்ச ஆள்லயே பலசாலி யாரு, அந்தப் பேரை வை."

யோசிக்க ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் நாலு எழுத்து, அப்பா என்று அடித்தேன். வாளும் கேடயமும் தோல் கவசமும் தீப்பந்தமும் சாப்பாடும் வாங்கியது போகக் கொஞ்சம் காசு மிஞ்சியது. அதற்கு வேறெதுவும் வராது, பேண்டேஜ்தான் வரும். வீணாகப் போகிறதே என்று அதை வாங்கிப் பையில் போட்டோம்.

இரண்டாம் தளத்தில் ஓநாயோடு சண்டை. ஓநாய் விழுந்தது. கீழே அந்த வரி வந்தது. ஆனால் இந்தத் தடவை அது, அப்பாவுக்கு ரத்தம் வடிகிறது என்று வந்தது. முன்னே செத்தவர்களுக்கெல்லாம் அண்ணன் வாய்க்கு வந்த பேர் வைத்திருந்தான், அதனால் எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. ஒரு அடி நடந்தால் உயிரில் ஒன்று குறைகிறது, இன்னொரு அடி, இன்னொன்று. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் பையைத் திறந்து இருக்கிற சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரயோகித்துப் பார்த்தான். தீப்பந்தம், சாப்பாடு, கடைசியாகப் பேண்டேஜ். ரத்தம் நின்றது என்று ஒரு வரி வந்தது.

இரண்டு பேரும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தோம். பேண்டேஜ் நெய்கிற வீட்டில் பிறந்தவள், பேண்டேஜ் எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் தளம்வரை வந்த அத்தனை வீரர்களும் அந்த ஒரு சாமான் இல்லாமல்தான் செத்திருந்தார்கள். அதன் பிறகு எங்கள் வழக்கம் மாறிவிட்டது. கடைக்குப் போனால் முதலில் பேண்டேஜ், பிறகுதான் வாள். அப்பா என்ற பெயருள்ள அந்த வீரன் மூன்றாம் தளம், நான்காம் தளம் என்று இறங்கிக்கொண்டே இருந்தான்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வந்தபோது லேசாகக் காலைச் சாய்த்து நடந்தார். கேட்டதற்கு, கட்டு இறுகிவிட்டது, அவ்வளவுதான் என்றார். வீரனுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெட்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் வாரேன், காட்டு. இன்னிக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சொன்னபடி அதற்கடுத்த சனிக்கிழமை வந்தார். மலையேறி இறங்கித்தான் வந்தார். சாப்பிட்டு முடித்ததும், எங்க அந்தப் பயல், காட்டு என்றார். அறை வாசலில் பெரியப்பாவின் சட்டம் நின்றது. வீட்டில் அம்மா கேட்டும் அவிழ்க்காத கட்டு. இங்கே தன் பேர் உள்ள வீரனைப் பார்க்க வேண்டுமானால் காலைக் கழுவியாக வேண்டும். அப்பா பின்வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். தண்ணீர் மொண்டு ஊற்ற நான் சொம்போடு நின்றேன்.

துணி அவிழவில்லை. கஞ்சியும் சீழும் சேர்ந்து காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்துத் தோலோடு ஒட்டியிருந்தது. அப்பா ஒரு இழுப்பு இழுத்தார். கூடவே சதையும் வந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு குழி, ஓரமெல்லாம் கறுப்பு. புளித்த பாவுக் கஞ்சியின் வாடை அடித்தது, அதற்கடியில் வேறொரு வாடையும். நான் காலைப் பார்க்கவில்லை, அப்பா முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சுளிப்பு இல்லை. கன்றுக்குட்டியின் காலைக் கழுவுவதுபோல் அது யாருடைய காலோ என்று கழுவிக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையாப்பா?"

"ஒண்ணும் தெரியல தாயி. நீ ஊத்து."

சாக்கில் துடைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். திரையில் அந்த நாலு எழுத்தை விரலால் தொடாமல் காட்டி, "இதா நான்?" என்றார். அண்ணன் ஆமாம் சித்தப்பா என்று, பலம் எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்று விளக்கினான். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புத்தி எம்புட்டு என்று கேட்டார். அண்ணன் அவசரமாக விளையாட்டைத் தொடங்கினான்.

ஒரு பூதத்தோடு சண்டை வந்தது. வீரன் ஜெயித்தான், ரத்தம் வடிந்தது. நான் பட்டனைத் தட்டினேன், நின்றது.

"என்னட்டி பண்ணுன?"

"பேண்டேஜ் கட்டுனேன்பா."

"அது எங்க கெடச்சுது அவனுக்கு?"

"கடையில வாங்குனோம். காசு குடுத்து."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம துணிக்கு அங்கயும் கிராக்கியா இருக்குலே," என்று அண்ணன் முதுகில் தட்டினார். எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

"அப்பா, நீங்களும் கடையில வாங்கிக் கட்டுங்கப்பா. முக்குல மெடிக்கல் இருக்கு, நான் ஓடிப்போயி வாங்கிட்டு வாரேன்."

"ஏட்டி, பேண்டேஜ் நெய்யுதவன் கடையில போயி பேண்டேஜ் வாங்குனா ஊரு சிரிக்காதா? வீட்ல மலையாக் குமிஞ்சு கெடக்கு."

"அது வேற, இது வேறப்பா."

"என்ன வேற? அதே நூலு, அதே தறி."

வெளுப்பதும் கிருமி போக அவிப்பதும் எதற்கென்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது, எனக்கு மட்டும் எப்படித் தெரியும். விளையாட்டில் கடைத் துணி ரத்தத்தை நிறுத்துகிறது என்பது ஒன்றுதான் என் கையில் இருந்த ஆதாரம். அதை வைத்துக்கொண்டு நான் இன்னும் ஒரு தடவை கேட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்தார்.

குழாயடியில் கிடந்த துணியைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். பெரியப்பாவை எழுப்பினாள். பெரியப்பா வந்து காலைப் பார்த்ததும் தூக்கம் கலைந்துபோய், "சகல, இப்பவே கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றார்.

"திங்கக்கெழமை பாவு ஏத்தணும் சகல. தறி நின்னு போயிரும். அதை முடிச்சிட்டுப் பொறவு பாக்கேன். வலியா இருக்கு, ஓடுததுக்கு?"

வலி இருந்திருந்தால் ஓடியிருப்பார். அவ்வளவுதான் விஷயம். பெரியம்மா வீட்டு அலமாரியிலும் எங்கள் துணிதான் இருந்தது. புதுசாக ஒரு முழம் கிழித்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் தெருமுனைவரை கூடப் போனேன். கம்பீரமாகத்தான் நடந்தார்.

கடைசிச் சனிக்கிழமை அப்பா வரவில்லை. பெரியம்மா சாதத்தை மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். மத்தியானம் இன்ஸ்டிட்யூட் போனில் அம்மா கூப்பிட்டாள். தறிக்கூடத்தில் காய்ச்சலோடு விழுந்துவிட்டார், மதுரைக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மதுரையில் அப்பாவின் காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று கேட்டேன். சர்க்கரையில் காலின் நரம்பு செத்துப்போயிருந்தது, வலிக்கவில்லை என்று சொன்ன அன்றைக்கே கூட்டி வந்திருக்க வேண்டும், அதுதான் முதல் அறிகுறி என்றார். பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரும்பு காலு என்று சொன்னது அவர்தான். ஆனால் அன்று கூட உட்கார்ந்து சாப்பிட்ட எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு அப்பாமேல் கோபம் வந்ததில்லை. பலம் என்றால் வலிக்காமல் இருப்பது என்று நமக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள்மேல் இன்னும் இருக்கிறது.

அப்பா அதன் பிறகும் பல வருஷம் இருந்தார். கட்டைக்கால் வைத்துக்கொண்டு, தறிக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நெய்தார். பாவு உருளையைத் தூக்க இரண்டு ஆள் வந்தார்கள். அவர்கள் தூக்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த ஐப்பசி மழையில் பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. அண்ணன் பஞ்சை வைத்துத் துடைத்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் கரகரவென்று அரைத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றது. வீரன் எந்தத் தளத்தில் நின்றான் என்பதுகூட இப்போது எனக்கு நினைவில்லை. பை நிறையப் பேண்டேஜ் வைத்திருந்தான், அது மட்டும் நினைவிருக்கிறது.

ஆனால் கடைசியாக நான் சொல்ல நினைத்தது பிளாப்பி கெடுவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் நடந்தது. ஒரு நாள் காலை நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். நர்சு கட்டு மாற்ற வந்தாள். காகிதத்தைக் கிழித்து ஒரு சுருளை எடுத்தாள். சுண்ணாம்பு போல வெள்ளை. அப்பா கையை நீட்டி, செத்த இருங்கம்மா என்று சொல்லி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, தறியில் துணி பார்ப்பதுபோலவே தேய்த்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கி, இழை எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தார். நர்சு பொறுமையாக நின்றாள்.

"நம்ம பக்கத்து நெசவுதான்," என்றார் அம்மாவிடம். "வெளுத்தா இம்புட்டு மெத்துனு ஆயிருதா? முப்பது வருசமா நெய்யுதேன், இப்பத்தான் தொட்டுப் பாக்கேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்சு சுருளை வாங்கிக் கட்ட ஆரம்பித்தாள். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கவன் என்ன ஆனான் தாயி?"

"இருக்காம்பா."

"நல்லா நடக்கானா?"

"நடக்கான்."

நர்சு போன பிறகு, பாதம் இருந்த இடத்தில் தட்டையாகக் கிடந்த போர்வையைக் கையால் நீவிவிட்டார்.

"அவன் காசு குடுத்து வாங்கிக் கட்டுனாம்லா," என்றார்.